உங்களுக்குத் தெரியுமா? திருவேங்கடத்தில் கூழ், மொம்பாசாவில் பஜ்ஜி!

ஆப்பிரிக்கக் கடற்கரை ஊர்களுக்குப் போனால் இதைத் தவறவே விடாதீர்கள். வழிகாட்டி முன்னே நடப்பார். நீங்கள் பின்னாலேயே போக வேண்டும். அவர் காட்டுகிற கடையில் நிற்க வேண்டும், வாங்கித் தின்ன வேண்டும். மறுபடி நடக்க வேண்டும். தெருச் சாப்பாட்டுச் சுற்றுலா! மொம்பாசா, ஜான்ஜிபார், டர்பன், அக்ரா, லாகோஸ் என்று ஊர் ஊராக நடக்கிறது!

அந்தச் சுற்றுலாவை இன்று நாம் திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கப் போகிறோம். தென்காசி மாவட்டத்துக் கரிசல் ஊர். ஒரு பக்கம் சங்கரன்கோவில், மறு பக்கம் கோவில்பட்டி. நம்ம தெருப் பண்டங்களுக்கு ஆப்பிரிக்காவில் எத்தனை சொந்தக்காரர்கள் என்று தேடினோம். கிடைத்த ஒவ்வொன்றும் வெடி! வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள்!

கரிசல் காட்டில் முதல் சொம்பு

★ சித்திரை வெயிலில் ரோட்டோரம் கம்பங்கூழ் குடிக்கிறீர்களே, அந்தக் கம்பு எந்த ஊர்க்காரர் தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்கா! இன்றைய மாலி நாட்டுப் பக்கம் மனிதர்கள் அதைப் பயிராக்கியது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு!

★ கேழ்வரகு? எத்தியோப்பியா, உகாண்டா மலைநாடு! சோளம்? சூடான்! கரிசல் காட்டுப் பாட்டிமார் காலங்காலமாய்க் காய்ச்சிய கூழில் மூன்று தானியமும் ஆப்பிரிக்காக்காரர்கள்!

★ இந்தியா கேட்டது, ஐ.நா. சபை ஒப்புக்கொண்டது. 2023-ஆம் ஆண்டு உலகத்துக்கே சிறுதானிய ஆண்டு! நம்ம கூழ்ப்பானைக்கு ஐ.நா. கொடுத்த மரியாதை!

★ நைஜீரியாவின் லாகோஸ் நகரில் காலைச் சாப்பாடு என்ன தெரியுமா? மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சிய கூழ். தொட்டுக்கொள்ள வடை! காராமணியை ஊற வைத்து, தோல் நீக்கி, அரைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு, சட்டியில் பொரித்தெடுக்கிறார்கள். பெயர் அக்கரா. கூழுக்கு வடை என்ற ஜோடி நமக்கு மட்டும் சொந்தமில்லை!

★ அந்த வடை கடலும் தாண்டியது! அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு பிரேசிலுக்கே போய்ச் சேர்ந்தது. பாயியா மாநிலத்தில் வெள்ளை உடை உடுத்திய பெண்கள் இன்றும் தெருவில் உட்கார்ந்து அதைச் சுட்டு விற்கிறார்கள். அங்கே பெயர் அக்கராஜே!

★ காராமணியும் ஆப்பிரிக்காவில் பிறந்ததுதான்! நம்ம ஊர்த் தட்டப்பயற்றுக் குழம்பும் லாகோஸ் வடையும் ஒரே குடும்பம்!

★ புளி இல்லாத தமிழ்ச் சமையல் உண்டா? அந்தப் புளியமரத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா! தாவரவியல்காரர்கள் வைத்த பெயரில் 'இண்டிகா' இருக்கிறது. பிறந்ததோ அங்கே! கென்யாவின் மொம்பாசாவில் புளியைக் கரைத்து, சர்க்கரை போட்டு, குளிர வைத்து, ஜூஸாகவே விற்கிறார்கள்!

★ ரோட்டோரம் கீற்றுப் போட்டு விற்கும் தர்பூசணியும் வடகிழக்கு ஆப்பிரிக்கப் பிறவி! எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையை 1922-இல் திறந்தார்கள். உள்ளே தர்பூசணி விதைகள்! வயது 3,300 ஆண்டுகள்!

★ செனகல் நாட்டின் டக்கார் கடற்கரையில் கொளுத்தும் வெயிலுக்குக் குடிப்பது பிசாப். ரத்தச் சிவப்பு நிறம். ஒரு மடக்கில் நாக்கு சிலிர்க்கும். எதில் செய்கிறார்கள்? புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த புல்லி இதழில்! நாம் இலையைக் கடைகிறோம், அவர்கள் பூவின் அடியைக் கொதிக்க வைக்கிறார்கள்!

★ அதே டக்காரின் பெருமைச் சாப்பாடு தியெபுஜென். மீனும் காய்கறியும் வெந்த சாறிலேயே சோற்றை வேக வைப்பார்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது! அதற்கு முழு அரிசி உதவாது. நொய்தான் வேண்டும்! நொய் அரிசியை இந்தியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வாங்கினார்கள்!

கோவில்பட்டி மிட்டாயும் அக்ரா மிட்டாயும்

★ திருவேங்கடத்தில் பஸ் ஏறினால் கோவில்பட்டி. இறங்கியதுமே கடலை மிட்டாய்! புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு 2020. ஒரு மிட்டாய்க்கு சட்டக் காவல்!

★ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெல்லப் பாகு கொதிக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார்கள். 'டக்'கென்று உடைந்தால் பதம்! உடனே வறுத்துத் தோல் போக்கிய பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகையில் சாய்த்து, உருட்டுக்கட்டையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தி போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பாறை! அத்தனையும் சில நிமிட வேலை!

★ இப்போது கானா நாட்டின் அக்ராவுக்கு வாருங்கள். கடற்கரைத் தெருவில், டிராபிக் சிக்னலில், தலையில் தட்டு வைத்து விற்கிறார்கள். பெயர் ந்காட்டே கேக். சர்க்கரைப் பாகில் வறுத்த வேர்க்கடலை, தேய்த்து, வெட்டி, பொட்டலம்! அசல் கடலை மிட்டாய்!

★ கிழக்குக் கரையிலும் விடவில்லை! மொம்பாசா, டார் எஸ் சலாம் தெருக்களில் அதன் பெயர் கஷாட்டா. கடலை கஷாட்டா உண்டு, தேங்காய் கஷாட்டாவும் உண்டு!

★ கோவில்பட்டிக்கும் அக்ராவுக்கும் மொம்பாசாவுக்கும் கடலையைக் கொடுத்தது யார்? தென் அமெரிக்கா! ஒரே கொட்டை, மூன்று கண்டம், ஒரே மிட்டாய்!

★ கோவில்பட்டியிலிருந்து தெற்கே ரயிலேறினால் கடம்பூர். சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் போளிக்குப் பெரிய பெயர்! வடக்கே போனால் சாத்தூர். அங்கே காராச்சேவும் வெள்ளரிக்காயும்! ஒரே தண்டவாளத்தில் இனிப்பு, காரம், குளிர்ச்சி!

★ கருப்பட்டி மிட்டாய் தெரியும். மாவைப் பிழிந்து பொரித்து, கருப்பட்டிப் பாகில் ஊற வைத்தது. மொம்பாசாவில் மாவை உருண்டையாகப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போடுகிறார்கள். பெயர் கைமாத்தி. ரமலான் மாலைகளில் அது இல்லாத வீடே அபூர்வம்!

★ உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு 2023-இல்! அதைப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறோம். காப்பிச் செடி எங்கே பிறந்தது? எத்தியோப்பியா! கருப்பட்டி நம்ம ஊர், காப்பி ஆப்பிரிக்கா. ஒரு டம்ளரில் இரண்டும்!

எல்லை போன பிறகும் பார்டர்!

★ இனி மேற்கே போவோம். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை! பிரானூர் பார்டர் புரோட்டாவைத் தெரியாதவர் உண்டா? அந்த பார்டர் எந்த பார்டர்? பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லை! செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அன்றே எல்லை மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் புரோட்டாவை விட்டுப் போகவே இல்லை!

★ அருவியில் குளித்துவிட்டு வந்தவனின் பசிக்கு அளவே கிடையாது. கல்லிலிருந்து இறக்கிய புரோட்டாவை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிறார் மாஸ்டர். அடுக்கு அடுக்காக விரிகிறது. வாழை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறியதும் நாட்டுக்கோழியோடு ஒரு வாய். குற்றால சீசனில் இதற்காகவே கார்கள் வரிசையில் நிற்கும்!

★ கென்யாவின் மொம்பாசாவில் சப்பாத்தி கேட்டுப் பாருங்கள். வட்டமாகத் தேய்த்து, எண்ணெய் தடவி, சுருட்டி, சுருளைச் சுற்றி வைத்து, மறுபடி தேய்த்து, எண்ணெய் விட்டுச் சுடுவார்கள். பிய்த்தால் அடுக்கு அடுக்காக வரும்! பெயர்தான் சப்பாத்தி, செய்முறை புரோட்டா!

★ தான்சானியாவின் ஜான்ஜிபார் தீவில், ஃபொரோதானி பூங்காவில் சாயங்காலம் ஆனதும் கடைகள் முளைக்கும். ஜான்ஜிபார் பீட்சா என்பார்கள். பீட்சாவே இல்லை! மெல்லிசாக இழுத்த மாவில் கொத்துக்கறி, வெங்காயம், முட்டை வைத்து, நான்கு பக்கமும் மடித்து, கல்லில் போட்டு எடுப்பது. நம்ம சிலோன் புரோட்டாவின் உடன்பிறப்பு!

★ அந்தப் பூங்கா இருக்கும் கல் நகரம் 2000-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்! அந்த நகரத் தெருக்களில் நின்றுகொண்டுதான் கரும்புச் சாறு குடிக்கிறார்கள். அதில் இஞ்சி உண்டு. எலுமிச்சையும் உண்டு! நம்ம தென்காசி மாவட்டப் புளியங்குடிக்கு எலுமிச்சை நகரம் என்றே பெயர்!

★ கிராம்பு தெரியும். ஜான்ஜிபார் கிராம்புத் தீவு என்றே உலகம் சொல்லும். ஆனால் கிராம்பு அந்தத் தீவில் பிறக்கவில்லை. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போனது. அதே கிராம்பைக் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது யார்? கிழக்கிந்தியக் கம்பெனி! குற்றாலத்தில் வாசனைப் பயிர்களுக்கென்று தோட்டமே போட்டார்கள்!

★ அந்தத் தோட்டக் கலை வீண் போகவில்லை. சீசனுக்குக் குற்றாலம் போனால் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன்! மலேசியப் பழங்களை மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் நின்று உரித்துத் தின்னலாம்!

★ செங்கோட்டைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ் கொறித்திருப்பீர்கள். பிரேசிலில் பிறந்த கிழங்கு அது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் மகாராஜா விசாகம் திருநாள். ஆண்ட காலம் 1880 முதல் 1885 வரை. அன்று செங்கோட்டையும் அவர் சீமை! மொம்பாசா ரோட்டோரத்திலும் அதே கிழங்கை மெல்லிசாகச் சீவி, பொரித்து, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தூவித் தருகிறார்கள். உலகத்திலேயே அதிகமாக மரவள்ளி விளைவது எந்த நாட்டில்? நைஜீரியாவில்!

★ புரோட்டாவுக்கு வரி எவ்வளவு என்று வழக்கே நடந்தது தெரியுமா? பாக்கெட்டில் விற்ற புரோட்டா ரொட்டி வகையில் சேராது, 18 சதவீதம் கட்டு என்று 2020-இல் கர்நாடகத்தில் தீர்ப்பு! நாடே கொந்தளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புரோட்டாவுக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு? பூஜ்ஜியம்!

மொம்பாசாவில் நம்ம டீக்கடை

★ மொம்பாசாவின் பழைய நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஜீசஸ் கோட்டை. போர்ச்சுகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கியது. அதை ஒட்டிய சந்துகளில் என்ன வாசனை? உருளைக்கிழங்கு பஜ்ஜி! வேகவைத்த உருளையை மஞ்சள் போட்ட மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். பெயர் வியாசி கராய். தொட்டுக்கொள்ளப் புளிச் சட்னி!

★ அந்த ஊர் மக்கள் பேசும் சுவாஹிலி மொழியில் பஜியா உண்டு, சம்பூசா உண்டு, சப்பாத்தி உண்டு, பிரியாணியும் உண்டு! கையால் காட்டிக் கேட்க வேண்டியதே இல்லை. பெயரைச் சொன்னாலே தட்டு வந்துவிடும்!

★ ஜான்ஜிபாரில் உரோஜோ என்று ஒரு கிண்ணம். மஞ்சள் நிறத்தில் புளிப்பான சூடான குழம்பு. அதற்குள் பஜியா, அவித்த உருளை, மரவள்ளிச் சீவல், தேங்காய்ச் சட்னி, மிளகாய். எல்லாம் ஒன்றாய்! ஒரு கிண்ணத்தில் ஒரு டீக்கடையையே கவிழ்த்த மாதிரி!

★ பள்ளிக்கூட வாசலில் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கும் ஆச்சி நம்ம ஊரில் மட்டுமா? மொம்பாசா கடற்கரையிலும் அப்படியே! அதே கீறல், அதே மிளகாய்த்தூள்!

★ திருநெல்வேலி அல்வாவுக்கு ஆப்பிரிக்காவில் சொந்தம் உண்டா? உண்டு! மொம்பாசாவிலும் ஜான்ஜிபாரிலும் ஹலுவா. ஓமான் நாட்டு அரபிகள் வழி வந்தது. மாவும் சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். அதோடு கசப்பான சூடான காப்பி, சின்னஞ்சிறு கோப்பையில்!

★ நம்ம அல்வாவும் சும்மா இல்லை. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடையைத் தொடங்கிய குடும்பம் எங்கிருந்து வந்தது? ராஜஸ்தான்! பாலைவனத்திலிருந்து வந்தவர்கள், தாமிரபரணித் தண்ணீரில் கோதுமைப் பால் எடுத்து, ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தார்கள்!

★ நமக்கும் ஒரு கடற்கரை நகரம் உண்டு. தூத்துக்குடி! அங்கே 'நைட் கிளப்' எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நேராகப் புரோட்டாக் கடையைக் காட்டுவார்கள்! ராத்திரி கல் காயும் கடைக்கு அங்கே அதுதான் பெயர்!

★ தூத்துக்குடி மக்ரூனில் எத்தனை பொருள்? முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. மூன்றே மூன்று! மாவு துளியும் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து கச்சா முந்திரி வந்து இறங்கும் துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. உலகில் கச்சா முந்திரி அதிகம் விளைவது ஐவரி கோஸ்டில்!

டர்பன்: தமிழர் கை மணம்!

★ தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனால் பன்னி சௌ சாப்பிடாமல் திரும்பாதீர்கள். ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல். முயல் கறி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். முயலே இல்லை! ரொட்டிக்குள் குழம்பு!

★ எப்படித் தருகிறார்கள்? முழு ரொட்டியைக் காலாக வெட்டுவார்கள். நடுவில் குடைவார்கள். அந்தப் பள்ளத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு விளிம்பு வரை! குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைப்பார்கள். பக்கத்தில் காரட், வெங்காயம், பச்சை மிளகாய். தட்டு கிடையாது, ஸ்பூன் கிடையாது. முதலில் மூடியைத் தொட்டுத் தின்ன வேண்டும். பிறகு ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே இறங்க வேண்டும். கடைசியில் பாத்திரமும் காலி, பாத்திரமே வயிற்றுக்குள்!

★ கடையில் கேட்கும்போது 'கால் மட்டன்' என்றால் போதும். கால் ரொட்டியில் ஆட்டுக்கறி! 'அரை' என்றால் அரை ரொட்டி. அரை முடிப்பவருக்குத் தனி வயிறு வேண்டும்!

★ இந்தக் குழம்பு டர்பனுக்கு எப்படி வந்தது? சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பனில் நங்கூரம் போட்டது. உள்ளே 342 பேர்! கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர்! தமிழர்கள், தெலுங்கர்கள், போஜ்புரி பேசுபவர்கள். வெட்டியது கரும்பு, வளர்த்தது ஒரு நகரத்தின் நாக்கு!

★ ஆடி மாதம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. கோமதி அம்மன் தவம் இருப்பாள், ஊரே திரளும். அதே மாதம் டர்பனில் என்ன நடக்கிறது? மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிறார்கள்! கடல் கடந்து 160 ஆண்டுக்கு மேல் ஆகியும் ஆடிக் கூழ் நிற்கவில்லை!

★ டர்பன் வீடுகளில் தீபாவளிக்கு முறுக்கு சுடுகிறார்கள். 'முர்க்கு' என்பார்கள். எள்ளும் சீரகமும் போட்ட அசல் முறுக்கு!

★ டர்பனின் விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாத் தூள் மலை மலையாகக் குவிந்திருக்கும். இருப்பதிலேயே காரமான தூளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? 'மாமியார் ஒழிப்பான்'! பெயரைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். காரம் மட்டும் சிரிக்க விடாது!



கடைசிப் பிடி சாம்பார்!

★ கம்பு, கேழ்வரகு, சோளம், புளி, காராமணி என்று அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்தோமே, நாம் என்ன கொடுத்தோம்? துவரை! இந்த மண்ணில் பிறந்த பயறு அது. இன்று மொம்பாசாவில் காலைச் சாப்பாடே துவரைதான்! பச்சைத் துவரையைத் தேங்காய்ப் பாலில் வேக வைத்து, ஏலக்காய் மணக்கும் முக்கோண மஹம்ரியோடு சாப்பிடுகிறார்கள்!

★ கொடுத்த துவரை இப்போது திரும்பி வருகிறது! மொசாம்பிக், தான்சானியா, மலாவி நாட்டு உழவர்கள் விளைவித்து நமக்கே அனுப்புகிறார்கள். மொசாம்பிக்கோடு இந்தியா 2016-இல் ஒப்பந்தமே போட்டது. திருவேங்கடத்தில் இன்று கொதிக்கும் சாம்பாரில் அந்தக் கடற்கரைத் துவரையும் இருக்கலாம். அந்த ஒப்பந்தத்தில் வருடத்துக்கு எவ்வளவு தெரியுமா? 2 லட்சம் டன் வரை!